எட்டு அட்டையும் இரண்டு சிறுநீரகமும்

(புனேயில் மூத்த குடிமக்கள் கூடிய அவையில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்)

ஆனி மாதத்தில் இரண்டு ராத்திரிகள் புனேயின் பழைய பேட்டைகள் தூங்குவதில்லை. ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரரின் பல்லக்கும், தேஹுவிலிருந்து துக்காராமின் பல்லக்கும் ஊருக்குள் வந்து இறங்கும். ஒன்று பவானி பேட்டை பால்கி விடோபா கோயிலில் தங்கும்; மற்றொன்று நானா பேட்டை நிவடுங்க்யா விடோபா கோயிலில். இரண்டுக்கும் பக்கத்திலேயே ராஸ்தா பேட்டை, தமிழ்க் குடும்பங்களுக்கு நன்றாகப் பழகிய இடம். மாடியிலிருந்து பார்த்தால் தெரு முழுக்க வெள்ளைத் தொப்பி, தோளில் காவிக் கொடி, பெண்கள் தலையில் துளசி மாடம். அறுபது, எழுபதைத் தாண்டியவர்கள் அந்தக் கூட்டத்தில் ஏராளம். யாத்திரையாகப் பண்டரிபுரம் போய்ச் சேர மூன்று வாரம் போல நடக்க வேண்டும்.

அவர்களில் ஒரு தாத்தாவை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். கற்பனைத் தாத்தாதான், ஆனால் அவரைப் போல ஒருவர் இந்த அவையில் இருப்பவர்கள் எல்லார் வீட்டிலும் உண்டு. வயது 72. காலையில் பிரஷருக்கு ஒரு மாத்திரை. கால் வீங்குகிறது என்று நீர் மாத்திரை ஒன்று. இரண்டும் டாக்டர் எழுதிக் கொடுத்து வருஷக்கணக்காகச் சாப்பிடுபவை. ஹடப்சர் தாண்டி திவே காட் மலையேற்றம் வருகிறது. வேர்த்துக் கொட்டுகிறது, வழியில் ஒதுங்க இடம் கிடைக்காது என்று தண்ணீரை வேறு குறைத்துவிட்டார். முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. உடன் வருபவர் அன்போடு ஒரு வலி மாத்திரையை நீட்டுகிறார். மறுநாளும் ஒன்று. அதற்கடுத்த நாள் இரண்டு.

மூன்றுமே தரமான மாத்திரைகள்தான். போலி இல்லை, காலாவதி இல்லை. மூன்றும் சேர்ந்து, உடம்பில் தண்ணீரும் குறைந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்த உரையின் விஷயம்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். சிறுநீரகத்துக்குள் வடிகட்டும் சின்னச் சின்ன முடிச்சுகள் உண்டு. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம். ஒவ்வொரு முடிச்சும் ஒரு வயல் மாதிரி. ரத்தம் உள்ளே வர ஒரு மதகு, வெளியே போக ஒரு மதகு. உள்மதகு திறந்து, வெளிமதகு சற்று இறுகியிருந்தால்தான் நடுவில் அழுத்தம் நிற்கும், வடிகட்டல் நடக்கும். இப்படி ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகிறது. அதில் ஒன்றரை லிட்டர் போலத்தான் சிறுநீராக வெளியேறுகிறது, மிச்சத்தை உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது.

வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் உடம்பு இரண்டு காரியம் செய்யும். புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து உள்மதகை அகலத் திறக்கும். ஆஞ்சியோடென்சின் என்ற பொருளால் வெளிமதகை இறுக்கும். கோடையில் காவிரிப் பாசனம் பார்க்கும் ஆள் செய்வதும் இதேதான். இப்போது தாத்தாவின் மூன்று மாத்திரைகளைப் பாருங்கள். நீர் மாத்திரை வாய்க்காலில் ஓடும் தண்ணீரையே குறைக்கிறது. டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் வகைப் பிரஷர் மாத்திரைகள் வெளிமதகை இறுக விடுவதில்லை. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சென் போன்ற வலி மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பையே தடுப்பவை; வலி குறைவது அதனால்தான், உள்மதகு திறக்காமல் போவதும் அதனால்தான். தண்ணீரும் இல்லை, இரண்டு மதகும் கையை விட்டுப் போயிற்று.

ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இதற்கு 'மும்முனை அடி' என்று பொருள்படும் பெயரை 2000-ஆம் ஆண்டு வாக்கில் வைத்தார்கள். அடி எவ்வளவு பலமானது என்பதை 2013-இல் பிஎம்ஜே இதழில் வந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. பிரிட்டனில் ரத்த அழுத்த மருந்து சாப்பிட்ட 4,87,372 பேரின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். ஒரு பிரஷர் மருந்தோடு வலி மாத்திரை என்று இரண்டு மட்டும் சேர்ந்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மூன்றும் சேர்ந்தபோது சிறுநீரகம் திடீரெனப் பழுதாகும் வாய்ப்பு 31 சதவீதம் கூடியது. சேர்ந்த முதல் முப்பது நாளில் மட்டும் பார்த்தால் 82 சதவீதம். பண்டரிபுர யாத்திரை மூன்று வாரம் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு யாத்திரை எதுவும் தேவையில்லை. இரண்டு நாள் பேதி போதும். வைரல் காய்ச்சலில் நாலு வேளை சரியாகச் சாப்பிடாமல் இருந்தால் போதும்.

'மூன்று மாத்திரையா? என் மாமியாருக்கு ஒன்றுதானே' என்று யாராவது நினைக்கக்கூடும். அங்கேதான் அட்டையின் பின்புறத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது. டெல்மா என்றால் டெல்மிசார்டன் மட்டும். டெல்மா-ஹெச் என்றால் அதோடு ஹைட்ரோகுளோரோதயாசைடு 12.5 மில்லிகிராமும் உள்ளே இருக்கிறது. அது நீர் மாத்திரை. அந்த ஒற்றை எழுத்தில் இரண்டாவது அடி ஒளிந்திருக்கிறது. மூட்டு வலிக்கு ஒரு காம்பிஃப்ளாம் போட்டால் அதில் பாராசிட்டமாலோடு இபுப்ரோஃபென் 400 மில்லிகிராம். மூன்றும் ஆயிற்று, வாய்க்குள் போனது இரண்டே மாத்திரை.

எழுத்துகள் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். பெயருக்குப் பின்னால் 'பி' என்று வரும் வலி மாத்திரைகள் நம் கடைகளில் அடுக்கடுக்காக இருக்கின்றன. 'பி என்றால் பாராசிட்டமால், அது சாதுவான மாத்திரை' என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். பி என்பது பாராசிட்டமால்தான். ஆனால் பி-க்கு முன்னால் இருக்கும் பெயர் பெரும்பாலும் அசிக்ளோஃபெனாக். சாதுவின் தோளில் கை போட்டுக்கொண்டு வேறொருவர் வீட்டுக்குள் வருகிறார்.

அந்த வேறொருவரின் குணத்தை இந்தியா மிக விநோதமான வழியில் தெரிந்துகொண்டது. 1990-களில் நம் ஊர்களிலிருந்து பிணந்தின்னிக் கழுகுகள் மறையத் தொடங்கின. மின்வேலி, பூச்சிமருந்து, புதுக் கிருமி என்று எல்லாவற்றின் மீதும் சந்தேகம் விழுந்தது. செத்த கழுகைத் திறந்து பார்த்தால் ஈரல், இதயம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசியது போல யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்ததன் அடையாளம் அது. பாகிஸ்தானில் ஆராய்ந்த லிண்ட்சே ஓக்ஸ் குழு 2004-இல் நேச்சர் இதழில் விடையை எழுதியது: மாட்டுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி. மருந்து உடம்பில் இருக்கும்போதே இறந்துபோன மாட்டைத் தின்ற கழுகு, சில நாளில் தானும் விழுந்தது. இந்தியாவில் 1992-இல் இருந்த வெண்முதுகுக் கழுகுகளில் 2007-க்குள் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. நீலகிரி அடிவாரத்தில் மாயாறு பள்ளத்தாக்கில் இன்று தென்படும் சொச்சக் கழுகுகள் அந்த அழிவிலிருந்து தப்பியவை.

2006-இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் தடை செய்யப்பட்டது. அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடம்புக்குள் போய் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது என்று தெரிந்த பிறகும், அதையும் கீட்டோப்ரோஃபெனையும் தடை செய்ய 2023 வரை ஆனது. மனிதர் கழுகு அல்ல. கழுகைக் கொன்ற அளவு மனிதரை ஒன்றும் செய்யாது. இருந்தாலும் ஒரு விஷயம் உறுத்துகிறது. மாட்டுக்குப் போடக் கூடாது என்று சட்டம் தடுக்கும் மருந்தை, நம் வீட்டுப் பாட்டிக்குச் சீட்டு இல்லாமல் கடைக்காரர் கத்தரித்துக் கொடுக்கிறார். 'காகா, குட்கேதுகீச்சி கோளி த்யா' என்று மராத்தியில் கேட்டால் போதும். மாமா, முட்டிவலி மாத்திரை கொடுங்கள் என்று அர்த்தம். சட்டப்படி டைக்ளோஃபெனாக் மாத்திரை டாக்டர் சீட்டுக்குத்தான் விற்க வேண்டியது. அட்டையில் ஓரமாக ஒரு சிவப்புக் கோடு ஓடுவதும் அதைச் சொல்லத்தான்.

வலி மாத்திரையை மிட்டாய் போலச் சாப்பிட்ட ஊர் ஒன்று சுவீடனில் இருந்தது. ஹுஸ்க்வார்னா. துப்பாக்கியும் தையல் இயந்திரமும் செய்யும் தொழிற்சாலை ஊர். 1918-இல் உலகையே உலுக்கிய இன்ஃப்ளூயன்சா காய்ச்சலின்போது ஹ்யோர்ட்டன் என்ற உள்ளூர் மருத்துவர் ஃபினாசிடின், ஃபினாசோன், காஃபீன் மூன்றையும் கலந்து ஒரு தூள் எழுதிக் கொடுத்தார். காய்ச்சல் போயிற்று, தூள் போகவில்லை. வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு பொட்டலம், மதியம் ஒரு பொட்டலம், அலுப்பாக இருந்தால் இன்னொன்று. தூள் போட்டால் வேலை ஓடும் என்று ஊரே நம்பியது. முப்பது வருஷம் கழித்து அந்த ஊரில் சிறுநீரகம் கெட்டுச் சாகிறவர்கள் அளவுக்கு மீறி இருப்பது கண்ணில் பட்டது. தொழிற்சாலை மருத்துவர் க்ரிம்லுண்ட் அதை ஆராய்ந்து 1963-இல் எழுதினார். சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலாளர்களிடம் இதே கதை 1950-களிலேயே வெளிப்பட்டிருந்தது. சுவீடன் 1961-இல் ஃபினாசிடினைச் சீட்டு மருந்தாக்கியது. இந்தியாவில் தடை வந்தது 1983-இல்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது வேகம். ஒரு நாளில் விழுந்தவர் யாருமில்லை. சிறுநீரகத்துக்கு வலிக்கத் தெரியாது. முக்கால்வாசி போன பிறகும் மனிதர் நடப்பார், சாப்பிடுவார், பேரனைப் பள்ளியில் விட்டு வருவார்.

அப்படியானால் ரத்தப் பரிசோதனை காட்டிக் கொடுக்காதா? காட்டும், பார்க்கத் தெரிந்தால். கிரியாட்டினின் என்பது தசை தேய்வதில் வரும் கழிவு. பல பரிசோதனைக் கூடங்களின் காகிதத்தில் 1.2 அல்லது 1.3 வரை 'நார்மல்' என்று அச்சாகியிருக்கும். 1.1 வந்தால் வீட்டில் எல்லாரும் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். ஆனால் தசையே வற்றிப்போன ஒரு பாட்டிக்குக் கழிவு குறைவாகத்தான் உண்டாகும். வடிகட்டி பாதி அடைத்திருந்தாலும் அளவு ஏறாது.

இதைக் கணக்காகவே போட்டுவிடலாம். மாண்ட்ரியலில் இருந்த காக்கிராஃப்ட், கால்ட் என்ற இருவர் 1976-இல் கொடுத்த வாய்ப்பாடு இது. 140-இலிருந்து வயதைக் கழிக்க வேண்டும். எடையால் பெருக்க வேண்டும். கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கி, அதனால் வகுக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் வந்த விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். முப்பது வயது இளைஞன், 72 கிலோ, கிரியாட்டினின் 1.1. விடை சரியாக 100. இப்போது 78 வயதுப் பாட்டி, 48 கிலோ, அதே 1.1. விடை 32.

ஒரே 1.1. பேரனுக்கு நிமிஷத்துக்கு நூறு மில்லி வடிகிறது, பாட்டிக்கு முப்பத்திரண்டு. இருவரின் ரிப்போர்ட்டிலும் நட்சத்திரக் குறி எதுவும் இருக்காது.

இன்று நல்ல கூடங்கள் இ-ஜி.எஃப்.ஆர் என்று ஓர் எண்ணையும் சேர்த்து அச்சடிக்கின்றன. அது வேறு வாய்ப்பாடு, எடையைக் கேட்காது. இதே பாட்டிக்கு அது 51 என்று காட்டும். 32 எங்கே, 51 எங்கே! சிறுநீரகத்தின் நிலையைப் படிப்படியாகத் தரம் பிரிக்க இரண்டாவது எண் நல்லது. ஒல்லியான முதியவருக்கு மருந்தின் அளவை முடிவு செய்யும்போது முதல் வாய்ப்பாட்டையும் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது. ஆஸ்பத்திரியில் 'என் அம்மாவின் எடையை எழுதிக்கொண்டீர்களா' என்று ஒரு மகள் கேட்டால், அது அதிகப்பிரசங்கம் ஆகாது.

அளவு ஏன் முக்கியம்? பல மருந்துகள் உடம்பை விட்டு வெளியேறுவதே சிறுநீர் வழியாகத்தான். கால் எரிச்சலுக்கு நம் ஊரில் தாராளமாக எழுதப்படும் பிரிகாபாலின் கிட்டத்தட்ட முழுதும் மாறாமல் சிறுநீரில்தான் போகும். வடிகால் குறுகினால் அது உடம்பிலேயே தேங்கும். பாட்டி பகலில் தூங்கி வழிவாள், பேச்சு குழறும், ராத்திரி பாத்ரூம் போகையில் விழுவாள். இடுப்பெலும்பு முறிந்து சேர்க்கப்படும் இடத்தில் அது எலும்பு டாக்டரின் கேஸ் ஆகிவிடும். பழைய சுகர் மாத்திரையான கிளிபென்கிளமைடு தேங்கினால் விடியற்காலையில் சர்க்கரை கீழே போகும். மெட்ஃபார்மினை இ-ஜி.எஃப்.ஆர் 30-க்குக் கீழே இறங்கினால் நிறுத்தச் சொல்கிறார்கள்.

ஆன்டிபயாட்டிக் ஊசிகளிலும் ஜென்டாமைசின், அமிக்காசின் வகைக்கு இந்தக் கணக்கு உயிர்க்கணக்கு. அந்தக் குடும்பத்தின் மூத்தவள் ஸ்ட்ரெப்டோமைசின். புனேக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் பிம்ப்ரியை நினைப்பார்கள். 1954-இல் அங்கே தொடங்கிய ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் தொழிற்சாலைதான் இந்தியாவுக்குப் பெனிசிலினையும் ஸ்ட்ரெப்டோமைசினையும் உள்நாட்டிலேயே காய்ச்சிக் கொடுத்தது. அங்கே எம்.ஜே. திருமலாச்சாரின் குழு 1961-இல் ஹாமைசின் என்ற பூஞ்சை மருந்தையே கண்டுபிடித்தது. இன்றைய முதியவர்கள், மருந்து கிடைக்காமல் ஆட்கள் செத்த காலத்தைப் பார்த்த தலைமுறை. மருந்து என்றால் வரம் என்று அவர்கள் நினைப்பதில் வியப்பில்லை. வரம் வீட்டு அலமாரியில் எட்டு அட்டையாகப் பெருகியபோது அதைக் கணக்குப் பார்க்க யாரும் கற்றுத் தரவில்லை.

எப்படிப் பெருகுகிறது? பென்ஷன்காரர்களின் ஊர் என்று புனேக்குப் பழைய பெயர். பிள்ளைகள் கலிஃபோர்னியாவில், பெற்றோர் கோத்ருடில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில். அப்பாவுக்குப் பிரஷர். அம்லோடிபின் எழுதுகிறார் ஒரு டாக்டர். அம்லோடிபினுக்குக் கணுக்காலை வீங்க வைக்கும் குணம் உண்டு. ஆறு மாதம் கழித்து வீக்கத்தைப் பார்த்த இன்னொரு டாக்டர் நீர் மாத்திரை கொடுக்கிறார். நீர் அதிகம் போய்ப் பொட்டாசியம் குறைகிறது. அதற்கு ஒரு சிரப். ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கிறார். புராஸ்டேட் என்று நினைத்து ஒரு மாத்திரை. இத்தனை மாத்திரை சாப்பிட்டால் வயிறு எரியாதா என்று காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை. முதல் மாத்திரையை மாற்றியிருந்தால் மிச்சம் நாலும் வந்திருக்காது. கனடாவின் பவுலா ரோச்சன், அமெரிக்காவின் ஜெரி குர்விட்ஸ் இருவரும் 1990-களிலேயே இந்தச் சங்கிலிக்குப் பெயர் வைத்து எச்சரித்தார்கள். ஒவ்வொரு டாக்டரும் தன் முன்னால் வந்த தொல்லைக்குச் சரியான மருந்தைத்தான் கொடுத்தார். எல்லா அட்டையையும் ஒரே மேஜையில் ஒன்றாகப் பார்த்தவர் எவரும் இல்லை. அவை எல்லாவற்றையும் ஒன்றாகச் சந்தித்தது சிறுநீரகம் மட்டும்தான்.

கேஸ் மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் வகை மாத்திரைகளை நாலு வாரத்துக்கு எழுதினால் நம்மவர்கள் நாலு வருஷம் சாப்பிடுகிறார்கள். இவற்றால் சிலருக்குச் சிறுநீரகத்தில் ஒவ்வாமை அழற்சி வருவது முன்பே தெரிந்தது. 10,482 அமெரிக்கர்களை நீண்ட நாள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, இவற்றைச் சாப்பிடுபவர்களிடம் நாள்பட்ட சிறுநீரக நோயும் கூடுதலாகத் தெரிகிறது என்று 2016-இல் சொன்னது. காரணம் மாத்திரையேதான் என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் தேவை முடிந்த மாத்திரையைத் தொடர்வதற்கு அது ஒரு சாக்கும் ஆகாது.

பொட்டாசியத்தின் கதை இதைவிடக் கூர்மையானது. இதயம் பலவீனமானவர்களுக்கு, பொட்டாசியத்தை வெளியேற விடாத ஸ்பிரோனோலாக்டோன் என்ற மாத்திரை உயிர் காக்கிறது என்று 1999-இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. உண்மையான செய்தி. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் டாக்டர்கள் ஆர்வத்தோடு எழுதித் தள்ளினார்கள், ஏற்கெனவே வெளிமதகு மருந்து சாப்பிடும் முதியவர்களுக்கும் சேர்த்து. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 1994-இல் ஆயிரத்துக்கு 2.4 பேர், 2001-இல் 11 பேர். நம் ஊரில் இதே இரண்டு மருந்தையும் சாப்பிட்டுக்கொண்டு, 'உப்பைக் குறை' என்றதும் கடையில் விற்கும் குறைந்த சோடியம் உப்பை வாங்கி, சூட்டுக்கு இதம் என்று தினம் ஓர் இளநீரும் குடிப்பவர்கள் உண்டு. குறைந்த சோடியம் உப்பில் சோடியத்துக்குப் பதிலாக இருப்பது பொட்டாசியம். இளநீரிலும் அதுதான்.

வைட்டமின் மாத்திரையில் என்ன வந்துவிடப் போகிறது என்பார்கள். வைட்டமின் டி 60,000 யூனிட் என்று ஒன்று விற்கிறது. வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம் என்று எழுதுவார்கள். தினம் ஒன்று என்று படித்துக்கொண்டு சாப்பிட்டவர்கள், ஊசியாக மாறி மாறிப் போட்டுக்கொண்டவர்கள், ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் திணறி வந்து சேர்ந்ததைக் காஷ்மீர் மருத்துவர்கள் இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். மலச்சிக்கல், வாந்தி, ஓயாத தாகம், மனக்குழப்பம். 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடக்கூடிய அறிகுறிகள்.

நாட்டு மருந்து என்றால் பக்கவிளைவு கிடையாது என்ற பேச்சை இந்த அவையிலும் யாராவது எழுப்புவார்கள். கேரளத்தில் கொழுப்பு குறைய இரும்பன் புளியைச் சாறாகப் பிழிந்து குடித்த 10 பேர் சிறுநீரகம் பழுதாகி வந்ததை 2013-இல் பதிவு செய்தார்கள். குழம்பில் இரண்டு போட்டால் ஒன்றுமில்லை. டம்ளர் டம்ளராகச் சாறு குடித்தால் அதிலிருக்கும் ஆக்சலேட் படிகமாகிக் குழாய்களை அடைத்துவிடும். ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி இரண்டும் அரிஸ்டோலோகியா இனம். அந்த இனத்தின் அமிலம் சிறுநீரகத்தை நார்போல் சுருக்கும், புற்றுநோயும் தரும் என்பதை 1990-களில் பெல்ஜியத்தில் உடம்பு இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களிடம் உலகம் பார்த்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2022-இல் எழுதிய கட்டுரை சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்களில் பலர் பாதரசம் கலந்த பாரம்பரிய மருந்துகளைச் சாப்பிட்டிருந்ததைக் காட்டியது. அந்த மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள் என்பது நல்ல சேதி. டாக்டர் கேட்காவிட்டாலும் லேகியத்தையும் பஸ்பத்தையும் சொல்லிவிடுவது நோயாளிக்குத்தான் லாபம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் பிரஷர் மாத்திரையைக் குப்பையில் போடக்கூடியவர்கள் உண்டு. அவர்களுக்காகவே டாக்டர் எம்.கே. மணியின் வேலையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவரான அவர், டயாலிசிஸ் செய்து கட்டுப்படியாகாது என்று கண்டு, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் சென்னையை அடுத்த கிராமங்களுக்குப் போனார். கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார். அவர்கள் வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்த்தார்கள், சிறுநீரில் ரசாயனம் விட்டுப் புரதமும் சர்க்கரையும் இருக்கிறதா என்று சோதித்தார்கள். கண்டுபிடித்தவர்களுக்கு ரெசர்பின், ஹைட்ரோகுளோரோதயாசைடு, ஹைட்ரலசின், கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின் என்று இருப்பதிலேயே மலிவான மாத்திரைகள். ஆளுக்கு ஆண்டுக்குச் சில ரூபாயில் ஒரு கிராமத்துச் சிறுநீரகங்களைக் காக்க முடியும் என்று சர்வதேச இதழ்களில் எழுதிக் காட்டினார். சற்று முன் இதே மேடையில் திட்டு வாங்கிய ஹைட்ரோகுளோரோதயாசைடும் கிளிபென்கிளமைடும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வித்தியாசம் ஒன்றுதான். அங்கே ஒருத்தி தொடர்ந்து வந்து பார்த்தாள். டெல்மிசார்டன் வகை மாத்திரைகளும் நீண்டகாலக் கணக்கில், குறிப்பாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கு, சிறுநீரகத்தைக் காப்பவை. பேதி, வாந்தி, காய்ச்சல் வந்து தண்ணீர் இறங்காத இரண்டு மூன்று நாளுக்கு எதை நிறுத்தி வைப்பது, எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதி ஃபிரிஜ்ஜில் ஒட்டிவிடலாம். முழங்கால் வலிக்கும் மாற்று வழி உண்டு. மேலே பூசும் ஜெல்லில் உடம்புக்குள் போவது மிகக் கொஞ்சம். வெறும் பாராசிட்டமால், அளவோடு. தொடைத் தசைக்குப் பயிற்சி. இவை எல்லாம் இருக்கின்றன. விளம்பரம் இல்லாததால் கண்ணில் படுவதில்லை.

அமெரிக்க மருந்தாளுநர்கள் முதியவர்களிடம் ஒரு பழுப்புக் காகிதப் பையைக் கொடுத்து, வீட்டிலிருக்கும் எல்லா மருந்தையும் அதில் போட்டுக் கொண்டுவரச் சொல்வார்கள். நமக்கு மஞ்சள் பை இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அலமாரி, தலையணை அடி, கைப்பை, பூஜை அறை எல்லா இடத்திலிருந்தும் திரட்டி அதில் போட வேண்டியது. கண் சொட்டு, சத்து மாவு, சூரணம், மகள் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய பெரிய டப்பா உட்பட. ஒரே ஒரு டாக்டரின் மேஜையில் மொத்தத்தையும் கொட்ட வேண்டியது. 'இதில் எதை எடுத்துவிடலாம்?' என்பதுதான் கேள்வி. 'இன்னும் ஏதாவது சேர்க்கணுமா?' என்று கேட்கப் பழகியவர்களுக்கு அது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

பையில் ஒரு சின்னச் சிக்கல் தெரியவரும். நம் கடைகளில் நாலு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துத் தருவார்கள். பெயரும் காலாவதித் தேதியும் அச்சான பக்கம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். வீட்டுக்கு வருவது வெள்ளிக் காகிதத்தில் நாலு மாத்திரை, அதில் பாதி எழுத்து. பெயருள்ள முனையைக் கேட்டு வாங்க வேண்டும். முழு அட்டையாக வாங்குவது இன்னும் மேல்.

மருந்தால் கெடுதல் நேர்ந்தால் சொல்வதற்கு ஓர் இடமும் இருக்கிறது. 2010-இல் தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் காசியாபாத்தின் இந்திய மருந்தியல் ஆணையத்திலிருந்து நடக்கிறது. கட்டணமில்லாத எண் 1800-180-3024. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. நோயாளியும் வீட்டாரும் நிரப்பும் படிவம் மராத்தியிலும் உண்டு, தமிழிலும் உண்டு. என்ன மருந்து, என்று தொடங்கியது, என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். கையில் இருப்பது கத்தரித்த அட்டையின் பெயரில்லாத பாதி மட்டும் என்றால், முதல் கேள்வியிலேயே பேனா நின்றுவிடும்.